கூரை இல்லாத குடிசை

செங்கமலம்,

நலம் விசாரிப்பு கடைசியில். பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. டூரிங் டாக்கீஸில் ஏதோ சேரிப் படம் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி எடத்துக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்றாராமே உன் அப்பா. நீ இரண்டு வருஷம் இருந்த நம் கிண்டிக் குடிசைக்குள் அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

நேற்று பட்டறைக்கு லீவு போட்டேன். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் உன் அப்பாவைப் பிடித்து, அதே படத்துக்கு இழுத்துப் போனேன். வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு எப்படி வருவேன்?

படத்தில் எல்லோரும் குடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் ஒருத்தன்கூட இல்லை. நான் எலக்ட்ரீஷியன், வெளிச்சத்தைத்தான் கவனித்தேன்.

"மாமா, குடிசைக்குள்ள ஒரு ஆளுக்கு ரெண்டு நிழல் விழுது பாருங்க. மேல கூரையே இல்ல, அங்கேருந்து லைட் அடிக்கிறானுங்க."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, ஆமா மாப்ள! மழை வந்தா இன்னா பண்ணுவானுங்க? உன் வூட்லயாவது கூரை கீதா?"

மாப்ள என்று கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

"வந்து பாருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். நீயும் பிள்ளையும் கூடவே கிளம்புங்கள். தூளி கட்ட விட்டத்தில் கொக்கி போட்டிருக்கிறேன். நானே தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது.

நலமா?

இப்படிக்கு,
உன் பிள்ளையின் அப்பா