அப்பா இன்னும் முடி இறக்கவில்லை

பழனி அடிவாரம்,
மாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் புவனாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ அழுவாய், நீ அழுதால் நானும் சேர்ந்து அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், குழந்தை தூங்கின பிறகு படி. தம்பி செல்வமுருகன் வீட்டில் இல்லை, லீவு முடிவதற்கு முன்பே கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டான். யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவனாகவே போனான்.

நீ அந்தப் பூட்டு வார்டைப் பார்த்ததில்லை. புத்தி பேதலித்துக் குற்றம் செய்தவர்கள் என்று கோர்ட்டு அனுப்பின ஆட்களை வைக்கிற இடம், ஒரு கதவைப் பூட்டின பிறகுதான் அடுத்த கதவைத் திறப்பார்கள். அதற்குள்ளேயே, வெளியே போகத் தேறினவர்களுக்கென்று ஒரு சின்ன சமையலறை வைத்திருக்கிறார்கள். லாவண்யா சிஸ்டர்தான் எல்லாம் பழக்கியது. டீ போட, சோறு வடிக்க, தன் துணியைத் தானே துவைக்க, மாத்திரையை யாரும் நீட்டாமல் தானே எடுத்துப் போட என்று உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இங்கே இருந்தவரை தட்டைக்கூடக் கழுவாத பயல், நான் பார்க்கப் போனால் எனக்கு ரசம் வைத்து ஊற்றினான், உப்பு கொஞ்சம் தூக்கல்தான், நான் சொல்லவில்லை. ஆனால் காய் மட்டும் நறுக்கிய காயாகவே உள்ளே வரும், கத்தி என்கிற பேச்சே அங்கே கிடையாது. வெளியே போனால் என்ன வேலை செய்வீர்கள் என்று அங்கே ஒருத்தர் கேட்டதற்கு, "முடி மண்டபத்துல மொட்டை போடுவேன் சார், எங்க அப்பாவும் அங்கதான்" என்று சொல்லியிருக்கிறான். அதைப் பிறகு பேசலாம் என்று மெழுகுவத்தி ஊற்றக் கற்றுக்கொடுத்தார்கள். "எத்தன மெழுகுவத்திம்மா, கரண்டு போனாத்தான யாவாரம்" என்று என்னிடம் சிரித்தான். தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பழக்கினார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு மண்டபத்தில் வைத்து அப்பா கழுத்தில் அவன் கத்தி இறங்கியபோது அவன் காதில் என்னென்ன குரல் கேட்டதோ, அதை இத்தனை வருஷம் கழித்தும் அவனால் சொல்ல முடியவில்லை.

நான்கு நாள் லீவில் அனுப்பிப் பார்ப்போம், நன்றாக இருந்தால் ஒரேயடியாக வீட்டுக்கு விடலாம் என்று டாக்டர் சொன்னதுதான் உனக்குத் தெரியுமே. கத்தி, பிளேடு எதுவும் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார், நான் அரிவாள்மணையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. அவன் வந்த இரண்டாம் நாள் காலையில் கொல்லையில் மணை போட்டு உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏலே செல்வா, நீ வீடு வந்தா உன் கையால முடி எறக்குறேன்னு முருகனுக்கு வேண்டியிருக்கேன், வெரசா வா, சோலிக்குப் போகணும்" என்று கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய சவரக் கத்தி. ஒரு வருஷமாகத் தலையை ஏன் காடாக வளர்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சொன்னாரே என்று நான் பதறினால், "அவன் தொழில அவன் கையில குடுக்காம வீடுன்னு எதுக்கு, நீ போய்ச் சந்தனத்தக் கொழை" என்று வாயை அடைத்துவிட்டார். நம்பிக்கையைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தம்பி கையைக் கழுவிவிட்டு வந்தான். உச்சியிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊறவைத்தான், அந்தக் கை எதையும் மறக்கவில்லை புவனா, பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கத்தியை விரித்து, இடது கையால் அப்பா நெற்றியைத் தாங்கினான், அப்படியே நின்றுவிட்டான். "கழுத்து வெறச்சிருக்குப்பா" என்றான். "தண்ணி குளுருதுலே, நீ போடு" என்றார் அப்பா. வெயில் ஏறி அண்டாத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மண்டபத்தில் மிரண்ட பிள்ளைகளைத் தேற்றுகிற மாதிரி அவர் தோளைத் தடவிக்கொடுத்துப் பார்த்தான், தோள் இறங்கவே இல்லை. "வெறச்ச கழுத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொல்லிக் குடுத்தீங்க" என்று சொல்லி, கத்தியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அவர் தலையைத் துவட்டிவிட்டான். கோபமே இல்லை, கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்பாவையும் நீ ஒன்றும் கேட்டுவிடாதே, அவர் மனசு நம்பியது, கழுத்து நம்பவில்லை, தழும்பு அங்கேதானே இருக்கிறது. குழைத்த சந்தனத்தைச் செடிக்கு ஊற்றினேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்தால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம், மாத்திரை டப்பாவையும் காணோம். அடுப்பில் சோறு வடித்து மூடியிருந்தான், எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் அளவாக. அப்பா முதலில் வையாபுரிக் குளத்துக்குத்தான் ஓடினார், ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. மத்தியானம் லாவண்யா சிஸ்டர் போன் செய்தாள். "அம்மா, செல்வமுருகன் இங்கதான் இருக்காரு, தனியா பஸ் ஏறி, கரெக்டா ஸ்டாப்ல எறங்கி, கேட்ல பெல் அடிச்சு வந்துட்டாரு, பெரிய இம்ப்ரூவ்மென்ட்ம்மா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நாங்கள் போய் ஏண்டா என்று கேட்டதற்கு, "இங்க கதவு பூட்டியிருக்குல்லம்மா, அதனால என்னப் பாத்து யாரும் பயப்பட வேண்டியதில்ல" என்றான்.

ஆறு மாதம் போகட்டும், மறுபடி அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அப்பா தலையை ஆட்டினார். அந்த முடியோடேதான் தினமும் மண்டபத்துக்குப் போய் ஊரார் தலையை மழிக்கிறார், கூட வேலை பார்க்கிற பழனிமுத்து நான் இறக்கிவிடட்டுமா அண்ணே என்று கேட்டதற்கு அவரோடு பேச்சையே விட்டுவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை புவனா. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அவன் இனி இந்த வீட்டுக்கு வர மாட்டான். எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை, நீயும் பதில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சித்திரையில் வரும்போது அவனுக்கு எடுத்து வைத்த சட்டையைக் கொண்டு வா, அங்கேயே போய்க் கொடுப்போம். குழந்தைக்கு வாரம் ஒருமுறையாவது நல்லெண்ணெய் தேய், நீ வேளைக்குச் சாப்பிடு, இதை நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் வாழ வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வார்டு போனில் தம்பியோடு பேசுவாய் அல்லவா, என்ன சமைத்தாய் என்று கேள், மேலே பனி எப்படி என்று கேள், எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. நான் கேட்டுவிட்டேன். "அப்பா இப்பவாவது ராத்திரி தூங்குறாராம்மா" என்று திருப்பிக் கேட்டான். தூங்குகிறார் புவனா.

உன் அம்மா,
சே. ஜோதிமணி