உவர்த் தண்ணீரில் கழுவிய கார்

என் அருமை மச்சான் தவராசாவுக்கு,

இது நான்தான். என் கையால்தான் எழுதுகிறேன். "ஆரைக் கொண்டு எழுதுவிச்சனீ?" என்று கேட்பாய். ஒருவரையும் கொண்டு இல்லை. வாசிகசாலையில் ஓய்வுபெற்ற தபாற்கந்தோர் அம்மா ஒருவர் பின்னேரங்களில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். கார் போன பிறகு பின்னேரங்களில் என் கைக்கு வேலை இல்லை. போய் உட்கார்ந்தேன். பிடித்துக்கொண்டது.

'மச்சான்' என்று முதன்முதல் நானே எழுதியபோது நடுவில் பேனை கொஞ்சம் தடக்கியது. எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது. போகட்டும், எனக்கு வேறு என்ன அவசரம்?

ஓம் மச்சான், கார் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் ஆண்டுத் திவசத்துக்கு அச்சடிக்கிற மலரில் இதைப் போடப் போகிறாள் ராணி. என் தங்கச்சியாய்ப் பிறந்து உனக்குப் பெண்சாதியாய் வந்தவள், எங்கள் இரண்டு பேரையும் எப்படித்தான் பொறுத்தாளோ. "நான் செய்ததையும் ஒளிக்காமல் எழுதுங்கோ அண்ணை, ஆக்கள் வாசிக்கட்டும்" என்றாள். ஆகையால் வாசிக்கிறவர்கள் பிறகு என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி ஏற்றித் திரிந்த கிழட்டு மொறிஸ் மைனர் அது. அதை வாங்கி, இணுவில் வளவில் கொட்டில் போட்டு, கழற்றிப் பூட்டி, கருநீலம் அடித்து, போட்டிக்கு ஓடுகிற காராக்கினாய். பாகங்களை லண்டனிலிருந்து அனுப்பியவன் உன் மூத்தவன் சுதன். அந்தப் பெருமையில் பதிவை அவன் பெயரில் வைத்தாய். ஓடியவன் சின்னவன் கோபி. கழுவிக் காவல் இருந்தவன் நான். ஏன் மச்சான், ஒரு நாள் போய்க் கோபியின் பெயருக்கு மாற்றியிருக்கலாமே? நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றைக்குக்கூட, "பின் சில்லுக்குக் காத்துப் பார்" என்றாய். காற்றைப் பற்றிச் சொல்ல வாய் இருந்தது. இதைச் சொல்ல இல்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்சக் காலம்தான். சுதன் தொலைபேசியில் வந்தான். ராணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதை மேசையில் வைத்தாள்.

"அம்மா, அப்பா இல்லை. இனி ஆர் உதைப் பாக்கிறது? கோபி கொண்டுபோய் எங்கையேனும் மோதினால் நான்தானே பதில் சொல்ல வேணும்? கொழும்பிலை ஒருத்தர் கேக்கிறார், குடுப்பம்."

"அது உன்ரை அப்பாவின்ரை கார், தம்பி."

"அது வெறும் இரும்பு, அம்மா."

"அந்த இரும்பைத்தான் அந்த மனிசன் விடியக் கண் முழிச்சவுடனை பாத்தவர். என்னை இல்லை."

கோபி எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டான். அவன் அதைத் தனக்கு விடச் சொல்லி அண்ணனிடம் முன்னமே கெஞ்சிப் பார்த்திருக்கிறான். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

வாங்குகிறவர் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், பிடித்தால் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போவார் என்று முடிவாயிற்று. கடைசியாய்ச் சுதன் என்னோடு கதைத்தான். "மாமா, நீங்கள்தான் கவனம். ஒரு கீறலும் விழக்கூடாது." விளங்குகிறதா? நான் எவ்வளவு வடிவாய்த் துடைக்கிறேனோ அவ்வளவு கெதியாய் அது எங்களை விட்டுப் போகும். அதற்கு என்னையே காவல் வைத்தான் உன் பிள்ளை. கெட்டிக்காரன்.

சனிக்கிழமை காலமை வடமராட்சிக் கரையில் இருக்கிற அந்த மண் திடலுக்குப் போனோம். நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கான்களில் நிரப்பி லொறியில் ஏற்றினேன். திடல் கிணறு உவர் என்று நீ எத்தனை தரம் கத்தியிருப்பாய். கூட்டம் காரில் சாயாத மாதிரி நாலு பக்கமும் தடி நட்டுக் கயிறு கட்டினேன். சில்லுக்குக் கட்டை வைத்தேன். பற்றரி வயரைக் கழற்றி மடிக்குள் வைத்தேன். ராணியின் பழைய நூல் சீலைகளைப் பொருத்தித் தைத்தாயே ஒரு போர்வை, அதைப் போர்த்தேன். தார்ப்பாய்ப் படங்கு போட்டால் அதற்குள் மண் போய்ப் பெயின்றை உரசும் என்று நீதானே படங்கை வெட்டிக் கோழிக்கூட்டுக்குப் போட்டாய்.

திடலில் பக்கத்துக் கொட்டிலில் கார் விட்டிருந்தவர்கள் இந்த முறையும் கேலியை விடவில்லை.

"என்ன அப்பு, கார் சீலை உடுத்திருக்கு. எத்தினை மாசம்?"

"உன்ரை காருக்கு உடுக்கக் கோவணமும் இல்லை. நீ பேசாமல் இரு."

"முறைக்குக் கூறைச்சீலையெல்லோ வாங்கிக் குடுக்க வேணும்."

"குடுக்கிறம். நாளைக்குத்தான் அதைக் கொழும்புக்குக் கட்டிக் குடுக்கிறம்."

அதற்குப் பிறகு அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் வந்து கயிற்றுக்கு வெளியே நின்று போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். உன்னை எல்லாருக்கும் தெரியும் மச்சான். ஆனால் கேட்டு வாங்க ஒருவரும் வரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் ராணி சோற்றுப் பார்சலோடு வந்தாள். என் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மெதுவாய்க் கேட்டாள்.

"அண்ணை, இந்த முறை கொஞ்சம் ஊத்தையாய் விடுங்கோவன்."

"என்ன?"

"கண்ட நிண்டதுகளும் வந்து தொடட்டும். சோடாப் போத்தலை மேலை வைக்கட்டும். வாற மனிசன் பாத்திட்டு வேண்டாமெண்டு போகட்டும்."

"எனக்கு உது ஏலாது, ராணி."

"ஏன் ஏலாது? அவர் இல்லையே இப்ப."

நான் எழும்பிப் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். அது ஏற்கனவே துடைத்த கண்ணாடி. உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதாவது சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது "காஞ்சபடி துடையாதை, முதல்லை தண்ணியை ஊத்து, மண்ணை இறக்கு" என்று என்னைப் பழக்கிவிட்டுப் போய்விட்டாய். அவள் கேட்ட அந்த ஒரு காரியத்தைச் செய்ய என் கை வரவில்லை. எனக்கு இருக்கிறதே அவள் ஒருத்திதான் தங்கச்சி. அவள் பிள்ளையின் ஆசையும் அதுதான். என்றாலும் வரவில்லை. நல்லாய்ப் பழக்கினாய், மச்சான். சந்தோசமா?

ஞாயிற்றுக்கிழமை கோபி ஓடினான். இரண்டாவதாய் வந்தான். கடைசி வளைவில் நீ வழமையாய்த் திட்டுகிற இடத்தில், நீ திட்டுகிற மாதிரியே அக்சிலேற்றரில் வைத்த காலை எடுத்துவிட்டான். கார் புழுதியில் குளித்துக்கொண்டு வந்து நின்றது. எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தேன், சுட்டது. ஆறட்டும் என்று விட்டேன். கோபி பரிசு கொடுக்கிற இடத்துக்குப் போனான். எனக்குப் பசி.

"போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ அண்ணை. நான் இருக்கிறன்" என்றாள் ராணி.

நான் போனேன். வேறு ஆரையும் நம்பிப் போகமாட்டேன், அது உனக்குத் தெரியும். அவளை நம்பாமல் ஆரை நம்புவது?

திரும்பி வரும்போது தூரத்திலேயே தெரிந்தது. கருநீலம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் திட்டு. மீன் வாடியில் உப்புப் பூத்த பலகை போல. கொதிக்கிற தகரத்தில், உச்சி வெயிலில், திடல் கிணற்று உவர்த் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தார்கள். கூரையிலிருந்து இறங்கிய கோடுகள் கதவில் காய்ந்து நின்றன. என் கான்கள் நிறையத் தண்ணீரோடு அப்படியே இருந்தன. ராணி கதிரையில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

கோபி எனக்குப் பின்னால் வந்துவிட்டான்.

"என்ன மாமா உது? ஆர் உவர்த் தண்ணி ஊத்தினது? உங்களைக் காவலுக்கு விட்டது உதுக்கோ?"

இத்தனை வருசத்தில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. பக்கத்துக் கொட்டில்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமாவைப் பேசாதை" என்றாள் ராணி. "நான்தான் ஊத்தினனான்."

"அம்மா?"

"உன்ரை அப்பா கத்தினதெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான். சூட்டிலை ஊத்தாதை, உவரிலை கழுவாதை. அதுதான் ரெண்டையும் செய்தனான். இனி வந்து பாக்கட்டும் அந்த மனிசன்."

கோபி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. சிரித்துக்கொண்டே அவள் காலடியில் மண்ணில் இருந்துவிட்டான். "போதும் அம்மா. இனி வாங்கமாட்டினம்" என்றான். மச்சான், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அப்படித்தான் பட்டது. மனம் நிறைய நானும் சிரித்தேன். காருக்கு வந்த கேட்டைப் பார்த்து நான் சிரித்தது உனக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போ.

வாங்குகிறவர் வந்தார். நல்ல மனிசர் மாதிரித்தான் இருந்தார். காரைச் சுற்றி நடந்தார். பெருவிரலை எச்சிலில் தொட்டு ஒரு திட்டில் தேய்த்துப் பார்த்தார். ராணி நிமிர்ந்து இருந்தாள்.

"கிணத்துத் தண்ணியா?" என்றார் கொழும்புத் தமிழில். "பரவாயில்ல. பெயின்ட எப்படியும் உரிச்சிட்டுச் சிவப்பு அடிக்கத்தான் போறோம்."

"சிவப்போ?" என்றான் கோபி.

"ஆமா தம்பி. எஞ்சினும் மாத்தணும். சீட்டும் வேணாம். எனக்கு வேண்டியது பொடி, இந்த வெளிக்கூடு மட்டும்தான்."

ராணி எழுந்தாள். "எல்லாத்தையும் கழட்டிப்போட்டு என்னத்தை ஐயா கொண்டு போறியள்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "கார்தான் அம்மா" என்றார்.

அவ்வளவுதான். நான் துடைத்ததும் வீண், அவள் ஊற்றியதும் வீண். ஒரு கீறல் விழாமல் இத்தனை காலம் நாங்கள் காவல் இருந்த தோலை, அவர் உரித்து எறிய வாங்கினார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியவில்லை. நீ எப்போதும் அடுத்த வேலையைத்தான் சொல்வாய்.

அவருடைய லொறி வருமட்டும் நான் வீட்டுத் தண்ணீரை எடுத்துக் கழுவினேன். முதலில் ஊற்றி மண்ணை இறக்கினேன். பிறகு துணி. "விடுங்க ஐயா, வீண் வேலை" என்றார் அவர். நான் விடவில்லை. அரைவாசித் திட்டுப் போயிற்று, மீதி போகவில்லை. கோபியே லொறியில் ஏற்றினான். இறங்கி வரும்போது காரின் திறப்பை அவர் கையில் கொடுக்காமல் கதிரையில் வைத்தான்.

லொறிக்காரர் பெயின்றின் மேலேயே கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்கள். நான் சீலைப் போர்வையை மடித்துக் கயிற்றுக்குக் கீழே வைத்தேன். ராணி வந்து அதை இழுத்து எடுத்தாள்.

"காரைக் கொண்டு போகட்டும். என்ரை சீலையைக் கொண்டு போக வேண்டாம்."

கயிறு கதவில் உரசுகிற சத்தத்தோடு லொறி போயிற்று.

இப்போது வீட்டுச் செய்தி. கோபி அண்ணனோடு கதைப்பதில்லை. சுதன் கிழமைக்கொருக்கால் எடுக்கிறான். ராணி "சாப்பிட்டியோ" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிறாள். அவன் கெட்டவன் இல்லை மச்சான். தூரத்தில் இருந்து பார்த்தால் அது இரும்புதான். ஆனால் உன் இரண்டு பிள்ளைகளும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவார்களோ, எனக்குத் தெரியாது. நீ ஒரு நாள் பெயர் மாற்றக் கந்தோருக்குப் போயிருந்தால் இதெல்லாம் இல்லை. அதை நான் மறக்கமாட்டேன். நீ செத்ததற்காகவும் மறக்கமாட்டேன்.

கொட்டில் வெறுமை. கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிய கறுப்பு வட்டம் ஒன்று நிலத்தில் கிடக்கிறது. கோபி அங்கே திருத்த வருகிற மோட்டார் சைக்கிள்களை விடப் போகிறான். போன கிழமை ராணி சவர்க்காரத் தூளும் தும்புத்தடியும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"உதைக் கழுவி விடுங்கோ அண்ணை. பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

"நான் மாட்டன்."

"நீங்களோ மாட்டியள்? ஊத்தையைக் கண்டால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாதே."

"இதைக் கழுவமாட்டன், ராணி."

அவள் கொஞ்ச நேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மச்சான், அந்த ஒரு ஊத்தையை நான் கழுவமாட்டேன். வேறு ஒருவனையும் கழுவ விடமாட்டேன். எனக்குச் சீவன் இருக்குமட்டும் அது அங்கே கிடக்கும். இதை நான் சத்தியமாய் எழுதித் தருகிறேன், என் கையாலேயே.

உன் ராணிக்கு அண்ணன், உன் பிள்ளைகளுக்கு மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சின்னத்துரை