கடைசிக் கோட்டின் நிறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அதில் என் பங்குக்கு மட்டும் ஒரு திருத்தம் உண்டு. எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கண் மருத்துவர் புள்ளிப் படங்களைக் காட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது, எழுத்திலும் கொடுத்திருக்கிறார். புதிதாக வந்ததல்ல, பிறவியிலேயே இருந்ததாம். நாற்பது வருஷம் கண்ணால் பார்த்ததைப் பத்திரிகையில் எழுதிச் சம்பளம் வாங்கியவனிடம் இதைச் சொன்னார். அம்மா உடனே கேட்டாள், "அப்ப அந்தக் குடை விஷயம் விளையாட்டு இல்லையா?" என்று. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி வாசலில் உன் சிவப்புக் குடையை விட்டுவிட்டுப் பச்சைக் குடை பிடித்த வேறு யாருடைய பிள்ளையையோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்பினேனே, அதை என் குறும்பு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். நான் அதைக் கவனப்பிசகு என்று நினைத்திருந்தேன்.

இது வெளியே வந்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் அம்மா எமர்ஜென்சி விளக்கைச் சார்ஜிலிருந்து பிடுங்கியபோது பிளக்கின் முனையில் விரல் பட்டு உதறினாள். பிடுங்கின பிளக் எப்படிக் கடிக்கும், பிரமை என்றேன். அவள் மறுபடி செருகிப் பிடுங்கி, "இந்தாங்க, பிரமையைத் தொட்டுப் பாருங்க" என்று நீட்டினாள். தொட்டேன். முழங்கை வரை சுரீர் என்று ஏறியது. நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் நான் போகும் ரிப்பேர் வகுப்புக்கு அந்த விளக்கை எடுத்துப் போனேன். வகுப்பு நடத்துபவர் ரேடியோக்காரம்மா, பக்கத்துத் தெருவில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், பார்ப்பதற்குச் சாது, வாய் மட்டும் சாணை பிடித்தது. திறந்து காட்டினார். "இதான் கெப்பாசிட்டர். சின்னத் தொட்டி மாதிரி, பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்சம் கரண்டைப் பிடிச்சு வெச்சுக்கும். பக்கத்துல இருக்கே ரெசிஸ்டர், அது அதைச் சத்தமில்லாம வடிய விடணும். இது செத்துப்போச்சு, அதான் உங்க வீட்டம்மாவைக் கடிச்சிருக்கு" என்றார். ரெசிஸ்டர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, எண் அச்சடிக்க இடமில்லாததால் அதன் அளவை வண்ணக் கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள். பழுப்பு, கறுப்பு, பச்சை என்றால் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடுக்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம்தான். எனக்கு வேண்டியது பத்து லட்சம். டப்பாவில் துழாவி எடுத்து, நானே சால்டர் வைத்து ஒட்டி, அவர் ஃபோன் பேச வெளியே போன சமயம் பார்த்துப் பிளக்கைச் செருகியும் விட்டேன். டப்பென்று ஒரு சத்தம், பிறகு புகை. ஓய்வு பெற்ற பேங்க் கேஷியர் ஒருவர் எங்களோடு படிக்கிறார், அவர்தான் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். "எழுதிப் பத்த வெச்சது போதாதா சார், இப்ப நேராவே ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ரேடியோக்காரம்மா சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து இரண்டு ரெசிஸ்டர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இரண்டும் ஒன்றா என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். கடைசிக் கோட்டைப் பாருங்க என்றார். பார்த்தேன், ஒன்றுதான் என்றேன். கேஷியரின் சிரிப்பு நின்றது. பிறகு சுவரில் செருகியிருந்த சார்ஜரைக் காட்டி, அந்தப் பொட்டு விளக்கு என்ன நிறம் என்று கேட்டார். ஏறிக்கொண்டிருந்தால் சிவப்பு, நிறைந்துவிட்டால் பச்சை என்று சொன்னேன். "அது ஊருக்கே தெரியும். இப்ப என்ன கலர் எரியுது?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. சாலை சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன், இடத்தை வைத்தே காலம் ஓடியிருக்கிறது. இந்த எல்.இ.டி.யிலோ ஒரே கூட்டுக்குள் இரண்டு விளக்கு, மின்சாரம் இந்தப் பக்கமாகப் போனால் சிவப்பு, அந்தப் பக்கமாகப் போனால் பச்சை, இடம் ஒன்றே. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, பாப்பா. இதே மாதிரி ஒற்றை விளக்கை நான் ஒரு முறை பார்த்து எழுதியிருக்கிறேன்.

சாயப்பட்டறை பாய்லர் வெடித்த செய்தி உனக்கு நினைவிருக்கும், அதற்குக் கிடைத்த பாராட்டுப் பலகைதான் நம் கூடத்தில் இருபத்தேழு வருஷமாகத் தொங்கியது. வெடிப்பதற்கு அரை மணி முன்பு வேறொரு கட்டுரைக்காக நான் அந்த பாய்லர் அறைக்குள் நின்றேன். கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரே ஒரு விளக்கு, அழுத்தம் சரியென்றால் பச்சை, மீறினால் சிவப்பு. நான் வெளியே வந்த பிறகு வெடித்தது, மூன்று பேருக்கு உடம்பு வெந்துபோனது, உயிர் மட்டும் தப்பியது. மறுநாள் முதல் பக்கத்தில் எழுதினேன், சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன், பாய்லர்க்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று. அவர் பச்சைதான் எரிந்தது என்றார். அதையும் போட்டேன், ஆனால் 'என்று சாதிக்கிறார்' என்று போட்டேன். விசாரணையில் என் செய்தியையே சாட்சியாக வைத்து அவருக்கு வேலையும் போனது, பாய்லர் இயக்கும் சான்றிதழும் போனது. முதலாளி பக்கம் யாரும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவரிடமிருந்து வந்ததும் பரணிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். அன்றைய பக்கம் இருக்கிறது. அறையின் நீளம் இருக்கிறது, அவர் டீ குடித்தது இருக்கிறது, "பலகையில் விளக்கு எரிகிறது" என்று இருக்கிறது. நிறம் இல்லை. நான்கு தடவை பார்த்தேன், அம்மாவையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன், இல்லை. வெடித்த பிறகு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த விளக்குக்கு நான் சிவப்பு அடித்திருக்கிறேன். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாராட்டுப் பலகையைக் கழற்றினாள். ஆணி மட்டும் இருக்கிறது.

பச்சைதான் எரிந்தது என்றும் என்னால் எழுத முடியாது, அதுவும் எனக்குத் தெரியாது. பச்சையாக இருந்திருக்க முடியுமா என்று ரேடியோக்காரம்மாவிடம் கேட்டேன். "லைட்டு என்ன பண்ணும் பாவம்? சென்சார் சொல்றதை ரிலே கேக்கும், ரிலே சொல்றதை லைட்டு காட்டும். நடுவுல ரிலே ஒட்டிக்கிச்சுன்னா பாய்லர் வெடிச்சப்புறமும் பச்சைதான்" என்றார். ரிலே என்பது உள்ளே தானாக விழும் குட்டி ஸ்விட்ச். அதை அன்றைக்கு யாரும் திறந்து பார்க்கவில்லை. பாய்லர்க்காரர் இப்போது ஒரு துணிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறார் என்று பழைய பட்டறை ஆட்கள் சொன்னார்கள். சனிக்கிழமை போனேன். கதவு திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனாலும் "எந்த மாடி சார்?" என்றுதான் கேட்டார். மாடி இல்லை, உங்களைப் பார்க்கத்தான் என்றேன். "நிக்கக் கூடாது, ஆள் வருவாங்க. ஏறிக்கிட்டே சொல்லுங்க" என்றார். மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தோம், ஆட்கள் ஏறும்போது நிறுத்தி, இறங்கியதும் தொடர்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவுக்கு மேலிருந்த பொட்டு விளக்கைக் காட்டி, "இது என்ன கலர்?" என்றார். தெரியல என்றேன். "இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கு எழுதியிருந்தா போதுமே சார்" என்றார். மன்னிப்புக் கேட்டேன், அவர் தரைத்தளப் பொத்தானை அழுத்தினார். நான் இறங்கும்போது, "பேப்பர்ல வந்தா ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு என் பொண்ணுக்கு. அவளை ஸ்கூல்ல டீக்காரர் மகள்னுதான் கூப்பிட்டாங்க" என்றார். அவளுக்கும் உன் வயதுதான்.

இன்று திங்கள். என்னிடம் வேலை பழகி இப்போது பத்திரிகை ஆசிரியராக இருப்பவர் மதியம் ஃபோன் செய்தார். திருத்தத்தை உள்ளே ஒதுக்குப்புறமாகப் போடலாமே என்று இழுத்தார், முதல் பக்கத்தில் எழுதியது முதல் பக்கத்தில்தான் திருந்த வேண்டும் என்றேன். வியாழக்கிழமை என்று சொல்லியிருக்கிறார், இடம் மட்டும் புதன் மாலை முடிவாகும். பதினோரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அந்த விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது என்று எனக்குத் தெரியாது" என்பது முதல் வரி. சான்றிதழ் வழங்கும் அலுவலகத்துக்கும் மருத்துவர் சீட்டை இணைத்து மனு அனுப்பியாயிற்று, பதில் வர ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. இது அப்பாவிடமிருந்து மகளுக்குக் கட்டாயம் போகும், மகளின் பார்வையில் குறை எதுவும் இருக்காது, அவள் பையனுக்கு வர பாதிக்குப் பாதி என்று மருத்துவர் சொன்னார். வாலு இலைகளுக்குப் பழுப்பு அடிக்கிறான், கவனமே இல்லை என்று டீச்சர் எழுதி அனுப்பியதைச் சொல்லி நீ போன மாதம் வருத்தப்பட்டாய். இந்தக் கடிதத்தோடு ஒட்டியிருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களை அவனிடம் காட்டிக் கடைசிக் கோடு ஒன்றா என்று கேட்டுப் பார். எது ஆயிரம், எது பத்து லட்சம் என்று அம்மா பின்னால் எழுதியிருக்கிறாள், என்னால் எழுத முடியவில்லை. அவன் எதைச் சொன்னாலும் கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடு. தெரியல என்று சொன்னால் அதட்டாதே, அதை அவன் சொல்லப் பழகட்டும்.

அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். புது விளக்கு வாங்கிவிட்டோம், அது கடிப்பதில்லை. மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை பேப்பரில் மூன்று பிரதி சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு லிஃப்டுக்கு, ஒன்று உனக்கு.

உன் அப்பா