ஸ்டெல்லா எப்போது வேலையை விடுவாள்

சனிக்கிழமை இரவு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதை ஐம்பது வயதில் விட்டுவிடப் போகிறேன் என்று இன்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். காத்திவாக்கத்தில் சின்ன வீடு, காலையில் தூண்டில், மத்தியானம் தூக்கம். சொல்லச் சொல்ல எனக்கே உப்புக் காற்று அடித்தது.

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள், வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்திருந்தாள்.

"நல்லாத்தான் கீது. நான் எப்போ வேலைய வுடுறது?" என்றாள்.

என் திட்டம் நிற்பதே அவள் சம்பளத்தில்தான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே வுட்டுடலாம்" என்றேன். அப்படியானால் இன்னும் சில வருடம் நான் கிரேன் ஏற வேண்டும். ஏறலாம்.

"வுட்டா இன்னா பண்ணுவே?" என்று அவளைக் கேட்டேன்.

"மொதல்ல தூங்குவேன். யாரும் எழுப்பக் கூடாது."

இப்போது தூங்குகிறாள். சமைக்க எழுந்திருக்க அவள் வைத்திருந்த அலாரத்தை அணைத்துவிட்டேன். காலையில் சமையல் என்னுடையது.