முப்பத்தொரு குறைகள்

ஜனவரி 9, செவ்வாய்

சமையலறைக் குழாய் சொட்டுவதைச் சரிசெய்ய ஆள் வந்தார். சரிசெய்துவிட்டுப் போனார். இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது.

பதினொரு மணிக்கு எதிர் மாடிப் பல் டாக்டர் வந்தார். செவ்வாயும் வெள்ளியும் வருவார். இருவரும் செய்தித்தாளில் பிழை தேடுவோம். அச்சகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பிழை திருத்தியவள் நான். எனக்கு இது கை மறக்காமல் இருக்க. அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் கண்டுபிடிப்பதில் பாதி பிழையே அல்ல. நான்கு வருடங்களுக்கு முன் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அடுத்த மாதமே மருத்துவமனையை மூடினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்கிறார்.

இன்று செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். பாய்மரப் படகு. நீளம் இருபத்தொன்பது அடி, வயது இருபத்தெட்டு. விற்பனைக்கு வந்திருக்கிறதாம். நண்பர்களின் படகுகளில் பல வருடங்கள் பாய் இழுத்தவர் என்று எனக்குத் தெரியும். சொந்தமாக வாங்குவார் என்று நினைக்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் போய்ப் பார்க்கலாமா மேடம்? கரையோரமா, துறைமுகம் துறைமுகமா, ஒரு ஆறு மாசம். பகல்ல மட்டும்தான்."

படகைப் பற்றிக் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. 'நாம' என்பதைத்தான் கவனித்தேன். அவர் கவனித்துத்தான் சொன்னாரா?

பார்ப்பதில் தவறில்லை என்றேன்.

ஜனவரி 13, சனி

பார்த்தோம்.

படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஏறுவதற்கு ஏணி, ஒன்பது படி. கைகொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று ஏறினேன். விற்பவர் எலெக்ட்ரீஷியன். தன் மனைவி ஒரே ஒரு முறை வந்ததாகவும், கரையிறங்கியதும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்ததாகவும், அதற்குப்பின் வீட்டில் படகு என்ற பேச்சே கிடையாது என்றும் சொன்னார். விற்கும் காரணம் புரிந்தது.

பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். இன்ஜினுக்குப் பின்புறம், தொட்டிக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத மூலைகளில் எல்லாம் அதை விட்டுப் பார்த்தார். "சொத்தை இல்ல. கறைதான்" என்றார். எலெக்ட்ரீஷியன் தன் வாயை மூடிக்கொண்டார்.

நான் பெரிய பாயைப் பையிலிருந்து வெளியே இழுத்துப் புரட்டினேன். கான்வென்ட்டில் தையல் சிஸ்டர் துணியின் முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்புவார். முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் உண்மைக்கு என்பது அவர் கட்சி. திருப்பினேன். துணி நன்றாக இருந்தது. நூல் வெயிலில் வெந்திருந்தது. நகத்தால் நெருடியதும் பொடியாக உதிர்ந்தது.

முன்னறையில் முக்கோணமாக ஒரு படுக்கை. ஒன்றுதான். "ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம்" என்றார் எலெக்ட்ரீஷியன். பல் டாக்டர் கூரை விளக்கைப் பற்றி மிகுந்த அக்கறையுடன் விசாரிக்க ஆரம்பித்தார்.

ஜனவரி 14, ஞாயிறு

முழங்கால் வலி. ஏணி.

ஜனவரி 16, செவ்வாய்

மகள் போன் செய்தாள். படகைப் பற்றிச் சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது என்று நினைவூட்டினாள். என் முழங்காலை நினைவூட்டினாள். பிறகு, "அதெல்லாம் விடுங்கம்மா. அவரு யாரு உங்களுக்கு?" என்றாள்.

பல் டாக்டர் என்றேன்.

"ஆறு மாசம் படகுல கூட்டிட்டுப் போய்ப் பார்க்கிற அளவுக்கு உங்களுக்கு எத்தனை பல்லும்மா இருக்கு?"

இருபத்திரண்டு. சொல்லவில்லை. இந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்கவும் முடியாது.

ஆனால் கேட்டது சரியான கேள்வி. என் கணவர் இறந்து பதினொரு வருடங்கள் ஆகின்றன. பதினொரு வருடங்களாக யாருக்கும் எதற்கும் பதில் சொல்லவேண்டிய நிலையில் நான் இல்லை. அந்தச் சுதந்திரத்தை ஒரு படகுக்காக விட்டுக்கொடுப்பதா?

ஜனவரி 18, வியாழன்

மறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்வது பண்பல்ல என்று கான்வென்ட்டில் மதர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காரணங்களை ஒழுங்காக எழுதித் தர வேண்டும். முடிவை எதிராளி தானே உணர்ந்துகொள்வார். நான் இப்படித்தான் இரண்டு வரன்களையும் ஒரு பதவி உயர்வையும் மறுத்திருக்கிறேன். எல்லோரும் உணர்ந்துகொண்டார்கள்.

முப்பத்தொரு குறைகள். முதலாவது: இருவருக்கு ஒரே படுக்கை. இரண்டு: முன்னறைக் கதவு மூடுவதில்லை. ஏழு: பாயின் தையல் இற்றுவிட்டது. பதினான்கு: கைப்பம்பு இழுத்தால் முனகுகிறது, தண்ணீர் வரவில்லை. இருபது: படகின் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்திருக்கிறது. இருபத்தேழு: உடன்வர அழைக்கப்பட்டவருக்கு நீச்சல் தெரியாது. படகின் குறை அல்லாதது அது ஒன்றுதான், நேர்மைக்காகச் சேர்த்தேன்.

நல்ல தாளில் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.

ஜனவரி 19, வெள்ளி

பட்டியலைக் கொடுத்தேன். கடைசி வரை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ரொம்ப நன்றி மேடம்" என்றார். முகம் வாடவில்லை. நாகரிகமான மனிதர்.

ஜனவரி 23, செவ்வாய்

வரவில்லை. எதிர்பார்த்ததுதான்.

ஜனவரி 26, வெள்ளி

வரவில்லை. செய்தித்தாளில் ஒன்பது பிழைகள். சொல்ல ஆளில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

வந்தார். மேசைமேல் ஒரு சாவியை வைத்தார்.

படகை வாங்கிவிட்டாராம்!

பழைய படகுகளைப் பரிசோதித்துச் சொல்லும் ஆள் ஒருவரை அழைத்துப் போனாராம். அந்த ஆள் சுத்தியலால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு கெட்டி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மட்டும் மாற்றினால் போதும் என்றாராம். பிறகு இவர் என் பட்டியலை அவரிடம் காட்டினாராம். "இதை எழுதினவங்க எங்க தொழிலுக்கு வந்திருந்தா எனக்குச் சோறு கிடைச்சிருக்காது" என்று அந்த ஆள் சொன்னாராம். அதை என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்!

நான் என்ன எழுதிக் கொடுத்தேன், இந்த மனுஷன் என்னத்தைப் படிச்சார்? அறிவு வேண்டாம்? வேண்டாம்னு ஒரு மனுஷி முப்பத்தொரு தடவை சொல்லியாச்சு, இன்னும் எப்படிச் சொல்றது, தண்டோரா போட்டா?

அவரிடம் நான் சொன்னது: "அப்படியா."

பிப்ரவரி 3, சனி

அது மறுப்பு என்று நேற்றே நான் ஏன் சொல்லவில்லை?

அவர் டீயை ஆறவிட்டார். எப்போதும் ஆறவிடுவார், கோப்பையில் பாதிதான் ஊற்றச் சொல்வார். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், இரண்டு கையாலும்தான் தூக்குவார். நேற்றும் அப்படித்தான். வலது கை சாவியை மேசையில் வைக்கும்போது, சாவி நான்கைந்து முறை தட்டியது.

பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்தேன். அதுவும் கான்வென்ட் பழக்கம்.

பிப்ரவரி 9, வெள்ளி

தள்ளிப்போடுவது கோழைத்தனம் என்று படகுத்துறைக்கே போனேன். மறுபடி ஒன்பது படி.

உட்சுவரில் என் பட்டியலை ஒட்டிவைத்திருக்கிறார். பதினொரு குறைகளுக்கு எதிரே சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. பம்பு முனகவில்லை. இருபத்தேழுக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி.

"டாக்டர், அது சம்மதம் இல்ல. மறுப்பு."

மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். எழுந்துபோய்ப் பட்டியலை மறுபடி படித்தார்.

"வேண்டாம்னு எங்கயுமே எழுதலையே மேடம்."

"எழுதாமலே புரியும்னு நினைச்சேன்."

"என்கிட்ட வைத்தியம் வேண்டாம்னு நினைக்கிறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வராம இருந்துடுவாங்க. இங்க வலிக்குது, அங்க கூசுதுன்னு வரிசையாச் சொல்றவங்கதான் நாற்காலியில வந்து உட்காருவாங்க. உங்க வேலையிலயும் அப்படித்தானே? பிழையெல்லாம் குறிச்சுக் கொடுத்தா, அப்புறம் அது அச்சுக்குத்தானே போகும்?"

முப்பத்துநான்கு ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பிறகு அவரே சொன்னார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். இந்தக் கை இன்னும் இரண்டு வருடம் கயிறு பிடிக்கும் என்று நரம்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொரு ஜோடிக் கை இல்லாமல் அவரால் தனியாகப் போக முடியாது.

"முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா பரிதாபப்பட்டு வந்துடுவீங்களோன்னு பயந்தேன்."

"நான் பரிதாபப்படுறவ இல்ல."

"தெரியும். இருந்தாலும்." உப்புத்தாளை மடித்தார். "சரி மேடம். வித்துடறேன்."

நான் இறங்கும்போது அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

வழக்கம்போல் பதினொரு மணிக்கு வந்தார். ஒன்றுமே நடக்காததுபோல் செய்தித்தாளைப் பிரித்தோம். போகும்போது ஒரு தாளை நீட்டினார். துறைமுகப் பலகையில் ஒட்ட வேண்டிய விற்பனை அறிவிப்பு. கோணல்மாணலாக எட்டு வரி. "கொஞ்சம் பிழை பார்த்துத் தர்றீங்களா?"

பார்த்தவுடன் மூன்று எழுத்துப்பிழைகள். நேரம் வேண்டும் என்று சொல்லி வாங்கிவைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

அறிவிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். முடியவில்லை என்றேன். அறுநூறு பக்கப் புத்தகத்தை ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தவள். எட்டு வரிக்கு மூன்று நாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆறாவது வரி: 'விற்கும் காரணம்: உடன் பயணிக்க ஆள் இல்லை.'

இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எழுத்து எல்லாம் சரிதான்.

ஜன்னலுக்கு எதிரே அவர் மாடியில் துணிகள் காய்கின்றன. ஒவ்வொன்றையும் அவர் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டு உலர்த்தியிருப்பார்?

நானும் இங்கே இருந்து என்ன செய்யப்போகிறேன்? குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. எழுத்துப்பிழையை நாங்களே திருத்துவோம். தகவல் பிழை என்றால் கைவைக்க மாட்டோம். அடிக்கோடிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம். அதுவரை வேலை நிற்கும்.

ஆறாவது வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். ஓரத்தில் எழுதினேன்: 'உறுதியா? சரிபார்க்கவும்.' தாளின் தலையில்: 'அச்சிட வேண்டாம்.' கையெழுத்து, தேதி.

கொடுத்தேன். எட்டு வரியை இத்தனை நேரம் யாரும் படித்திருக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"அப்ப இந்த மூணு எழுத்துப்பிழையை என்ன பண்றது?"

"அதான் அச்சிட வேண்டாம்னு எழுதியிருக்கேனே."

கோப்பை தட்டில் படபடத்தது. இருவரும் செய்தித்தாளைப் பார்த்தோம். இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தார். இரண்டும் உண்மையான பிழைகள்.

மார்ச் 5, செவ்வாய்

குறை இருபத்தேழு. நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பவளுக்கு என் மகளின் பாதி வயது. "உடம்பை அப்படியே விட்டுடுங்கம்மா, தண்ணி தாங்கும்" என்கிறாள். அறுபத்தொன்பது வருடங்களில் நான் எதையும் அப்படியே விட்டதில்லை என்றேன். அது தெரிகிறது என்றாள்.

மார்ச் 21, வியாழன்

மிதந்தேன்.

ஏப்ரல் 6, சனி

குறை ஏழு. பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடம் முழுக்கப் பரப்பி ஐந்து வாரங்கள் ஆகின்றன. இன்று கடைசித் தையல். மெழுகு தடவிய கெட்டி நூல், உள்ளங்கையில் தோல் பட்டை. பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட வேண்டும். புது ஓட்டை போட்டால் துணி கிழியும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிஸ்டர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

ஏப்ரல் 12, வெள்ளி

குறைகள் ஒன்றும் இரண்டும். மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை ஆகும்படி செய்திருக்கிறார், அது அவருக்காம். முன்னறை எனக்காம். கதவு இப்போது மூடுகிறது. உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். ஆறு திருகாணிகள், எல்லாம் நேராக. அந்தக் கையால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. சரி போட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மகள் படகைப் பார்க்க வந்தாள். மிதவை உடுப்பு இரண்டு வாங்கி வந்திருந்தாள். எனக்கு மாட்டி, வார்களை இழுத்து, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டாள். முடியவில்லை என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். பட்டியல் முழுவதையும் சுவரில் படித்தாள். பிறகு பல் டாக்டரிடம், "அம்மாகூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறது லேசு இல்ல டாக்டர். நான் இருபத்தஞ்சு வருஷம் இருந்தேன்" என்றாள்.

"எனக்கு ஆறு மாசம்தானேம்மா" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். நான் பம்பைப் பார்க்கப் போனேன். ஊருக்குக் கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எனக்கு யார் என்ற பழைய கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மே 14, செவ்வாய்

அந்தக் கேள்வியைக் கேட்டது துறைமுக அலுவலகக் குமாஸ்தா. படகில் செல்வோர் படிவம். பல் டாக்டரின் பெயருக்கு எதிரே படகுத் தலைவர். என் பெயருக்கு எதிரே கட்டம் காலி. "நீங்க அவருக்கு யாரும்மா?"

காலிக் கட்டம் விடுவது எனக்குப் பிடிக்காது.

"பிழை திருத்துறவ" என்றேன்.

குமாஸ்தா பல் டாக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். அப்படியே எழுதிக்கொண்டார்.

மே 28, செவ்வாய்

கையெழுத்து சரியில்லை. குறை என்னுடையது அல்ல. மேசை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனுடன் இருக்கையும், நானும்.

பகல் பதினொரு மணி. காற்று மிதம். தையல் தாங்குகிறது. கயிற்றை நான்தான் இழுத்துக் கட்டினேன். அவர் சுக்கானைப் பிடித்திருக்கிறார். அந்தக் கை சுக்கானைப் பிடிக்கும்போது நடுங்குவதில்லை, அல்லது படகு நடுங்குவதில் தெரிவதில்லை. நேற்றைய துறைமுகத்தில் வாங்கிய செய்தித்தாளில் இதுவரை நான்கு பிழைகள். காலையில் பார்த்துவைத்த ஐந்தாவதை மேலே இருந்தே சொன்னார். அது பிழையல்ல.

புறப்பட்டு இரண்டு வாரம் ஆகிறது. முப்பத்தொன்றும் சரிபார்த்துவிட்டேன். பம்பு வேலை செய்கிறது. மேசை இறங்குகிறது, ஆனால் அதில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்கிறார். புதிய குறையாகச் சேர்க்கவில்லை. தாழ்ப்பாளும் நன்றாகவே விழுகிறது. பகலில் இருமுறை போட்டுப் பார்த்தேன். இரவில் போட்டுப் பார்க்க அவசியம் ஏற்படவில்லை.