நெசவாலையில் கலியாணம்

2006 ஏப்ரல் 24

ஆற்றங்கரையின் பழைய நெசவாலையை இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். வரைபடம் வரையும் பொறுப்பு அலுவலகத்தில் எனக்கு. ஒஸ்லோவில் படித்து முடித்தபின் கிடைத்த முதல் பெரிய வேலை. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் மத்தியானம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டேனே. கூரை மரம் அரியும் வாளின் பற்கள் மாதிரி வரிசையாக எழும்பி நிற்கிறது. ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பார்த்த கண்ணாடி. அத்தனை அழுக்கையும் மீறி வெளிச்சம் பஞ்சு போல இறங்குகிறது. இதையா இடிப்பது?

மே 29

தங்கை லீசாவின் கலியாண வரவேற்புக்குப் பதிவு செய்திருந்த மண்டபத்தில் குழாய் வெடித்துத் தரை முழுக்க வெள்ளம். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. பக்கத்து நகரமான திராமன் வரை கேட்டாயிற்று. ஒன்றும் காலி இல்லை. அழுதுகொண்டே படுத்துவிட்டாள்.

மே 30

ஆலையின் சொந்தக்காரர் ஹல்வாரிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார். செப்டெம்பரில் இடிக்கிற கட்டடம்தானே, ஒரு நாள் ஆடிப்பாடுங்கள் என்றார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மில்லுக்குள்ளையோ கலியாணம்? சனம் என்ன கதைக்கும்?"

"மழை ஒழுகாது, அம்மா." அது முழு உண்மை இல்லை.

ஜூன் 6

தீயணைப்புப் பிரிவு மறுத்துவிட்டது. இருநூறு பேருக்கு ஒரு வாசல் போதாதாம். சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆற்றுப் பக்கம் ஓரிடத்தில் செங்கல்லின் நிறம் வேறு, மேலே வளைவு. அடைத்துவிட்ட பழைய வாசல்! பாரம் முழுவதையும் வளைவே தாங்குகிறது என்று பொறியியலாளரும் பார்த்துச் சொன்னார். அதைத் திறக்க ஹல்வார் உடனே ஓம் என்றார். எப்படியும் உடையப்போகிற சுவர்தானே.

ஜூன் 10

மாப்பிள்ளை ஜோனாஸும் கூட்டாளிகளும் சுத்தியலோடு வந்தார்கள். பின்னேரம் கடைசிச் செங்கற்கள் விழுந்ததும் உள்ளேயிருந்தே ஆறு தெரிந்தது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

ஜூன் 17

லீசா கலியாணம்! அம்மா வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினா, தானே கட்டியது மாதிரி. ஹல்வார் கழுத்துப்பட்டியோடு வந்து வளைவுக்குப் பக்கத்தில் இருந்தார். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். பிள்ளைகள் வாசலுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஓடித் திரிந்தார்கள்.

"என் அப்பா வாங்கின ஆலை, உள்ளேயிருந்து ஆறு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது," என்றார் ஹல்வார்.

"இதை இடிக்க வேண்டாம்," என்றேன் நோர்வே மொழியில். வாயிலிருந்து வந்தேவிட்டது. அவர் இன்னொரு வடை எடுத்தார்.

ஜூன் 19

நான் என்ன வேலை பார்த்தனான்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுசன் அலுவலகத்துக்குச் சொன்னால் வேலை போச்சு.

ஜூன் 23

ஹல்வாரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஆகஸ்ட் 15

மேலதிகாரி கூப்பிட்டார். ஹல்வார் திட்டத்தை மாற்றிவிட்டாராம்: ஆலை நிற்கும், வீடுகள் பின்முற்றத்தில் மட்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வரைபடத்தையும் கிழித்ததில்லை.

2007 மே 8

முதல் வரிசைக்குப் புதுக் கண்ணாடி ஏறுகிறது. ஏணியில் நின்ற தொழிலாளி கீழே பார்த்து, கட்டடக் கலைஞர் எங்கே, ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நான் ஏணியில் ஏறினேன்.