பின்மண்டையில் பட்ட பந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

டென்னிஸ் இரட்டையர் காலிறுதிக்குப் போய்விட்டோம். நடுவர் கையெழுத்துப் போட்ட அட்டவணையைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நேற்று ஒரு கூத்து. நான் சர்வீஸ் போடும்போது என்னோடு ஜோடியாக ஆடும் சீனியர் அண்ணன் வலையருகே நின்று, எந்தப் பக்கம் போட வேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவார். அந்த விரலையே பார்த்து அடித்தேன். பந்து நேராக அவர் பின்மண்டையில் பட்டது. "தம்பி, எதிராளி அந்தப் பக்கம் நிக்கிறான்" என்றார். கூட்டமே சிரித்தது. அவருக்கு வீக்கம்கூட இல்லை.

அப்புறம் பயத்தில் பந்தை ஓங்கி அடிக்காமல் தடவிக்கொடுத்தேன். எதிராளிகள் வெளுத்து வாங்கினார்கள். அண்ணன் கிட்டே வந்து, "இன்னொரு தடவை மண்டையில அடிச்சாலும் பரவாயில்லடா, மெதுவா மட்டும் போடாதே" என்றார். ஓங்கி அடித்தேன். ஜெயித்தோம்.

ராத்திரி நீங்கள் சாப்பிட உட்காரும்போது அக்காவை எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல். என்னோடு பேச வேண்டாம். நீங்கள் பேசிக்கொள்வது கேட்டால் போதும். என் பழைய துண்டையும் அனுப்பு, இங்கே வாங்கியது வியர்வையை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது.

ஒரே விஷயம்தான் பாக்கி. அண்ணனுடைய பழைய ஜோடிக்குக் கணுக்கால் குணமாகிவிட்டது, திரும்பக் கூப்பிடுகிறார். அண்ணன் போய்விட்டால் என்னோடு ஆட வேறு ஆள் இல்லை. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை மதியம் கடைசி. அதற்குள் முடிவைச் சொல்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். இதோ, அவர்தான் பயிற்சிக்குக் கதவைத் தட்டுகிறார், ஓடுகிறேன்.

உன் மகன்